துள்ளுமாரி

செவலை செத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். முதல்நாள் சாயங்காலம்வரை அதற்கு ஒரு குறையும் கிடையாது. ரமீஜா வைத்த மக்காச்சோளத்தைக் கொஞ்சமும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, தவிட்டுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்று அவள் முந்தானையைக் கவ்வி இழுத்த ஆடு அது. காலையில் கொட்டாய்ப் படலைத் திறந்தபோது, மற்ற ஆடுகளை விட்டுத் தள்ளி நின்று, தலையை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது.

"என்னடா கண்ணு?" என்று கிட்டப் போனாள்.

காலடியில் நெருப்பு வைத்தமாதிரி ஒரு துள்ளுத் துள்ளியது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து விறைத்துக்கொள்ள, நான்கு கால்களும் காற்றில் ஓடின. வாயோரம் நுரை கட்டியது.

"என்னங்க! கத்தி எடுத்துட்டு வாங்க, கத்தி!"

கமருஸ்ஸமான் லுங்கியை மடித்துக் கட்டியபடி சமையலறைக்கு ஓடினார். கத்தியோடு வந்து பிஸ்மில்லா சொல்லிக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கால்கள் ஓடுவதை நிறுத்தியிருந்தன. உயிர் போனபின் அறுத்தால் ஹலாலாகாது.

பக்ரீத்துக்குச் சில வாரங்களே இருந்தன. முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் வருஷாவருஷம் நாலைந்து கிடாக்களை வளர்ப்பது ரமீஜாவின் வேலை. அதில் ஒன்று பக்ரீத்தன்று வீட்டில் அறுக்கும் குர்பானிக்கு, மற்றவை விற்பனைக்கு. கமருஸ்ஸமான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். ஆட்டு விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை. இந்த வருஷம் குர்பானிக்கு என்று அவள் மனசில் எழுதி வைத்திருந்தது செவலையைத்தான். கொம்பில் கீறல் இல்லை, காதில் வடு இல்லை, தட்டினால் திம்மென்று இருக்கும் உடம்பு.

"இது நோயி இல்லம்மா. ராத்திரிவரைக்கும் தின்ன ஆடு காலையில சாவுமா?" என்றான் அவள் மகன் முஹம்மது ஆரிப். செல்போன் கடை வைத்திருப்பவன். "யாரோ மருந்து வெச்சிருக்காங்க."

யாரோ என்றுதான் அவன் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் கண் காம்பவுண்ட் சுவருக்குப் போனது. ரமீஜாவின் கண்ணும் கூடவே போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜானகிராமன் வீடு. ஊரில் துணி மில் ஓடிய காலத்தில் நூல் பிரிவில் இருந்தவர். மில் மூடியபின் என்னென்னவோ செய்து, இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் மனைவி கமலவேணி, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வைட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பெரிய உறவும் இல்லை, பகையும் இல்லை. பண்டிகைக்குப் பாத்திரம் போகும், வரும். அதுவும் போன மாசத்தோடு நின்றுவிட்டது. ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போன செவலை, ஜானகிராமன் ஆசையாய் வைத்திருந்த ரோஜாப் பதியன்களை வேரோடு மேய்ந்துவிட்டது. மனுஷன் தெருவில் நின்று கத்தினார்.

"இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா மருந்து வெச்சுடுவேன். அப்புறம் என்ன இன்னான்னு கேக்கக்கூடாது!"

தெருவே கேட்ட வார்த்தை. கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான் என்று அன்றைக்கு ரமீஜா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது செத்துக் கிடந்த ஆட்டின் பக்கத்தில் நின்றபோது, அதே வார்த்தை வேறு குரலில் கேட்டது.

செவலையைப் புதைத்துவிட்டு வந்தபின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று முழுக்க ஏதோ ஒரு சாக்கில் பின்பக்கமே இருந்தாள். ஜானகிராமன் வேலைக்குக் கிளம்பும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரா? பார்த்தார். ஆடு செத்த வீட்டை எட்டிப் பார்க்காதவர் யார்? ஆனால் விசாரிக்கவில்லையே. பக்கத்து வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது, "என்ன பாய் ஆச்சு" என்று ஒரு வார்த்தை கேட்கலாமில்லையா? கேட்காதவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாணம் அள்ளும்போதுதான் அது கண்ணில் பட்டது. சுவரோரம், கொட்டாயின் பின்மூலையில், ஒரு ரொட்டித் துண்டு. கடையில் விற்கும் சதுர ரொட்டி இல்லை. மேல்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே வெள்ளையாக இருக்கும் நீட்டு ரொட்டி. பக்கத்தில் ஆட்டு எச்சிலில் ஊறிய இன்னும் இரண்டு மூன்று துணுக்குகள். ரமீஜா குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாடை அடித்தது. ரொட்டிக்கு அந்த வாடை உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்கு அது மருந்து வாடையாகத்தான் இருந்தது.

எலிக்கு எதில் வைக்கிறார்கள்? ரொட்டியில். தெருநாய்க்கு எதில் வைக்கிறார்கள்? அதுவும் ரொட்டியில்தான். இந்த ரொட்டி எந்தச் சமையலறையிலிருந்து வரும் என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

கணவரிடம் காட்டினாள்.

"போய்க் கேட்டுடலாமே," என்றார் கமருஸ்ஸமான்.

"கேட்டா உஷாராயிடுவாங்க. கையோட புடிக்கணும்."

"ரமீஜா, ஒரு துண்டு ரொட்டிய வெச்சுக்கிட்டு…"

"காக்கா கொண்டாந்து போட்டுச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்ததும், ரமீஜா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள். தவிடு கரைக்கிற சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், யாராவது பார்த்தால் வேலையாக இருப்பதுபோல இருக்கட்டும் என்று. ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று கறுப்பன் காதை நிமிர்த்தியது. எழுந்து சுவரோரம் போனது. செவலைக்கு அடுத்தபடி ஆள் கண்ணு படும்படி வளர்ந்திருந்த கிடா அது. மற்ற ஆடுகளும் பின்னாலேயே போயின. அவற்றில் நோஞ்சானாக இருந்த ஒன்றை மட்டும் கறுப்பன் முட்டித் தள்ளியது.

சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. கையில் ரொட்டி.

"ப்பா… ப்பா… இந்தா," என்று சன்னமாக ஒரு குரல்.

கறுப்பன் முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி ஏறி நின்று அந்தக் கையிலிருந்தே வாங்கித் தின்றது. பழகிய ஆடு தின்கிற தீனி. எத்தனை நாளாக நடக்கிறதோ! ரமீஜா மணையிலிருந்து எழுந்தாள். சட்டியைத் தள்ளிவிட்டு ஓடி, அடுத்த துண்டோடு இறங்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரிப்! டேய் ஆரிப்! ஓடியா! புடிச்சுட்டேன்!"

அந்தப் பக்கம் ஒரு அலறல். இரண்டு வளையல்கள் உடைந்து இந்தப் பக்கம் விழுந்தன. ஆரிப் வந்தபோது அவன் கையில் போன் இருந்தது. வரும்போதே வீடியோவை ஓடவிட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தெருப்பக்கம் வந்துவிட்டார்கள். கமலவேணியின் மணிக்கட்டில் ரத்தக் கீறல். அவள் இன்னும் ரொட்டியை விடாமல் பிடித்திருந்தாள்.

"தீனிதாங்க்கா குடுத்தேன். அங்க மிஞ்சிப்போற ரொட்டி. குப்பையில கொட்றாங்களேன்னு எடுத்தாந்து போடுவேன். வாயில்லா ஜீவன்…"

"பொய்! தீனி போடறவ வாசப்பக்கமா வந்து போடறது! சுவத்துக்கு மேல திருட்டுத்தனமா கைய நீட்றது எதுக்கு?"

"கேட்டா வேணாம்பீங்க. இவரும், அந்த வூட்டு ஆட்டுக்குத் தீனி போட்டா பாரு, ரோஜாவத் தின்ன ஆடுன்னு சத்தம் போடுவாரு. அதான்…"

"உன் புருசன் மருந்து வெக்கிறேன்னு தெருவுலயே சொன்னாரு. நீ வெச்சுட்ட!"

கூட்டம் கூடிவிட்டது. பின்னால் நின்ற ஒருவன், "பண்டிகை நேரம் பாத்து செய்றாங்க," என்றான். ஜானகிராமன் சட்டை கூடப் போடாமல் ஓடிவந்தார். யார் என்ன சொல்கிறார்கள் என்று புரிவதற்குள் அவரைச் சுற்றி நாலு பேர் பேசினார்கள். கமலவேணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ரொட்டியைத் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கடி கடித்தாள். மென்று விழுங்கினாள். இன்னொரு கடி. தொண்டை அடைத்து இருமினாள். அப்படியும் மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டாள்.

தெரு கொஞ்சம் அடங்கியது. ரமீஜா மட்டும் அசையாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்திருப்பாள் என்று தோன்றியது. மருந்து வைத்தது கறுப்பன் வயிற்றுக்குள் போன துண்டில். கையில் வைத்திருந்தது சும்மா துண்டு. ஆட்டைக் கொல்லும் அளவு மருந்து மனுஷனுக்கு உடனே வேலை செய்யாதோ என்னவோ. பார்க்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

கமலவேணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் கறுப்பன்தான் செத்துக் கிடந்தது.

அதற்குள் ஆரிப்பின் வீடியோ தெருக் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. 'பக்ரீத் ஆட்டுக்கு விஷம். கையும் களவுமாகப் பிடிபட்ட பெண்' என்று அவனே தலைப்புப் போட்டிருந்தான். முத்தியால்பேட்டை என்ற பேர் ஒரு குழுவில் விடுபட்டுப்போயிற்று. ஆட்டு வீட்டுக்காரர்கள் யார், என்ன தகராறு என்பதும் விடுபட்டுப்போயிற்று. கமலவேணி முகம் மட்டும் எல்லாக் குழுவிலும் இருந்தது.

"போலீசுக்குப் போவோம்," என்றான் ஆரிப்.

"மொதல்ல டாக்டரு," என்றார் கமருஸ்ஸமான். எப்போதும் விட்டுக்கொடுக்கிற மனுஷன் அன்று குரலை உயர்த்தினார். "எதுனால செத்துச்சுன்னு தெரியாம எதச் சொல்லுவ ஸ்டேஷன்ல?"

ஜானகிராமன் வாசலில் வந்து நின்றார். "நானும் வரேன் பாய். அறுத்துப் பாக்கட்டும். நீங்க தனியா போயி டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லி எழுதி வாங்கிட்டு வந்துட்டா நான் எங்க போவேன்?"

"நாங்க எதுக்கு எழுதி வாங்கறோம்? அதெல்லாம் உங்களுக்குத்தான் பழக்கம்," என்றாள் ரமீஜா. ஆனாலும் அவர் கண்ணெதிரில் நடக்கட்டும் என்று அவளும் நினைத்தாள். ஒரு சின்ன லோடு வண்டியில் நடுவே சாக்கு சுற்றிய கறுப்பன் கிடக்க, இந்தப் பக்கம் கமருஸ்ஸமானும் ரமீஜாவும், அந்தப் பக்கம் ஜானகிராமனும் கமலவேணியும். அப்படியே கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். ரமீஜா மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அந்த ரொட்டித் துணுக்குகள். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் பையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் அறிவுமதி சின்னப் பெண். கையுறை மாட்டியபடியே எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஜானகிராமனிடம் நின்றது கண்.

"நீங்க ஜானகிராமன் அங்கிள்தானே? எங்கப்பாவும் மில்லுதான். யூனியன்ல பாத்திருக்கேன்."

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டாள் ரமீஜா. பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இதையும் டெஸ்ட் பண்ணணும். என் கண்ணு முன்னாடி சீல் வெக்கணும்," என்றாள்.

"வெக்கிறேம்மா. வெளிய லேபுக்குத்தான் போவும், என் கையில இல்ல." டாக்டர் கோபப்படவில்லை. கறுப்பனைத் திறந்தாள். ரமீஜா மூக்கைப் பொத்திக்கொண்டாலும் கண்ணை எடுக்கவில்லை. குடல் சிவந்து, காற்றடைத்து உப்பியிருந்தது. வயிறு நிறைய மக்காச்சோளமும் மாவுக் கூழும். நெஞ்சுக்கூட்டில் இதயத்தைச் சுற்றிய பையில் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. டாக்டர் கிட்னியை எடுத்து மேல்தோலை உரித்து, விரலால் லேசாக அமுக்கினாள். குழைந்த சோறுபோல நசுங்கியது.

பிறகு சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியில் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சின்னப் பட்டையில் விட்டாள். பட்டையின் நிறம் மாறியது.

"இது எனக்கு சக்கரைக்குப் பாக்குற பட்டையாச்சே," என்றாள் ரமீஜா.

"அதேதாம்மா. ஆட்டு மூத்திரத்துல சக்கர இறங்கியிருக்கு." டாக்டர் நிமிர்ந்தாள். "மொதல்ல செத்த ஆடு, இருக்கறதுலயே கொழுத்த ஆடுதானே? நல்லா தின்ற ஆடு?"

ரமீஜா மேசைமேல் கிடந்த கறுப்பனைப் பார்த்தாள்.

"அடுத்தது இது. நோஞ்சானா ஒண்ணு இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஜானகிராமனும் சொல்லவில்லை, கூடவேதான் இருந்தார். ரமீஜாவுக்கு முதல்முறையாகக் காலடி கொஞ்சம் நழுவியது.

"துள்ளுமாரிம்மா. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"துள்ளி விழுந்துதான் செத்துச்சு," என்றார் கமருஸ்ஸமான் மெதுவாக.

"குடல்ல குளோஸ்ட்ரிடியம்னு ஒரு கிருமி. வெளியிலேருந்து யாரும் கொண்டாந்து வெக்க வேணாம். நல்லா இருக்கற ஆட்டுக் குடல்லயே கொஞ்சம் இருக்கும்."

"உள்ளயே இருந்தா இத்தன மாசம் ஏன் சும்மா இருந்துச்சு?" ரமீஜாவின் கேள்வி சட்டென்று வந்தது.

"தழை தின்னும்போது அதுக்குப் பெருசா தீனி கெடைக்காது. மக்காச்சோளம், அரிசி, மாவு, இதெல்லாம் அளவு மீறிப் போனா செரிக்காம குடல்வரைக்கும் இறங்கும். அப்ப அது ஒண்ணு நூறாப் பெருகும். பெருகும்போது ஒரு புரதத்த வெளிய விடும். அதுதான் நஞ்சு."

"அப்ப விஷம்தான்னு நீங்களே சொல்றீங்க."

"விஷம்தான். ஆனா எங்க ஆச்சுன்னு கேளுங்க. கிருமி விடும்போது அது வேல செய்யாது, மூடி போட்ட மாதிரி. ஆடு தன் தீனியச் செரிக்க ஒரு சாறு சுரக்குதே, அது இந்தப் புரதத்தோட ஓரத்த நறுக்கிடுது. நறுக்கினப்புறம்தான் அது முழிச்சுக்குது." டாக்டர் மேசைமேல் கையுறை விரலால் ஒரு வட்டம் போட்டாள். "ரத்தத்துல கலந்து மூளைக்கும் கிட்னிக்கும் போவும். எல்லாச் செல்லையும் தொடாது. அதுக்குப் பிடிமானம் இருக்கற செல்லா பாத்து ஒட்டிக்கும். ஒட்டினது ஏழு ஒண்ணு சேந்து வளையமா நின்னு, செல்லோட தோல்ல ஓட்ட போட்டுடும். உள்ள இருக்க வேண்டியது வெளிய போவும், வெளிய இருக்க வேண்டியது உள்ள வரும். செல்லு வீங்கி சாவும். மூளையில ரத்தக்குழா ஒழுகி மூள நீர் கோத்துக்கும். அதான் கழுத்து வளைஞ்சு, காலு ஓடி… நீங்க கத்தி எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

கமலவேணி சுவரில் சாய்ந்து அழுதாள். "அப்ப என் ரொட்டிதான்… நாந்தான் கொன்னுட்டேனா டாக்டர்?"

"எந்த ஒண்ணுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. நீங்க என்னென்ன போட்டீங்க?" என்று டாக்டர் ரமீஜாவைக் கேட்டாள்.

ரமீஜா சொல்ல ஆரம்பித்தாள். மக்காச்சோளம் காலையும் சாயங்காலமும். தவிடு. நொய்க் கஞ்சி. பண்டிகை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் கூட்டினாள். தழையைக் குறைத்தாள், வயிறு அதில் நிறைந்துவிடக்கூடாது என்று. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது.

"தடுப்பூசி போட்டீங்களா? போன மாசம் உங்க பக்கம் கேம்ப் வந்தோமே."

போடவில்லை. ஊசி போட்டால் காய்ச்சல் கண்டு ஆடு இளைத்துவிடும் என்று கேம்புக்கு ஓட்டிப் போக விடாமல் தடுத்தவள் அவள்தான். கமருஸ்ஸமான் தரையைப் பார்த்தார். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மிச்ச ஆடுகளுக்கு அன்றைக்கே ஊசி போட்டார்கள். தானியத்தை நிறுத்தி, காய்ந்த கடலைக்கொடியும் தழையும் மட்டும் கொடுக்கச் சொன்னாள் டாக்டர். சில வாரம் கழித்து இன்னொரு ஊசி.

ஒரு மனுஷி திருந்துவதற்கு டாக்டர் சொன்னது போதும் என்று நினைப்போம். ரமீஜாவுக்குப் போதவில்லை. லேப் முடிவு வரட்டும் என்று இருந்தாள். படுத்தால், அங்கிள் என்று கூப்பிட்டாளே அந்தப் பெண், என்று தோன்றும். அடுத்த நிமிஷம், கிட்னி நசுங்கியதைக் கண்ணால் பார்த்தோமே என்று தோன்றும். மக்காச்சோளம் வாங்கிய கடைக்காரனைச் சந்தேகப்பட்டாள். சோளத்தில் பூச்சிமருந்து அடித்திருப்பானோ என்று மூட்டையின் அடிவரை கொட்டிப் பார்த்தாள். யாராவது ஒரு ஆள் கிடைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

முடிவு வந்தது. ரொட்டியில் எந்த மருந்தும் இல்லை. கறுப்பன் குடலில் அந்தக் கிருமியின் நஞ்சு இருந்தது. டாக்டர் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு ரமீஜா கணவரைத் தேடி முன்பக்கம் போனாள். அன்று காலையில்தான் இன்னொன்றும் அவள் கவனத்துக்கு வந்திருந்தது. கமலவேணி சில நாட்களாக வேலைக்குப் போகவில்லை.

"எப்படிப் போவா?" என்றார் கமருஸ்ஸமான். "கெஸ்ட் ஹவுஸ்ல யாரோ வீடியோவக் காட்டியிருக்காங்க. விஷம் வெக்கிற கைய சமையக்கட்டுல எப்படி விடறதுன்னு வர வேணாம்னுட்டாங்களாம்."

ரமீஜா ஆரிப்பைக் கூப்பிட்டாள். "அந்த வீடியோவ அழி."

"டாக்டர் சொன்ன அன்னிக்கே அழிச்சுட்டேம்மா. என் போன்லதான் அழியும். போனது போனதுதான்."

"அப்ப என்னை வீடியோ எடு. நான் பேசறேன்."

நின்றபடியே பேசினாள். ஆடு நோயில் செத்தது, மருந்து யாரும் வைக்கவில்லை, கமலவேணிமேல் பழி போட்டது நான், என் பெயர் ரமீஜா. ஆரிப் அதைத் தான் அனுப்பிய எல்லாக் குழுவுக்கும் அனுப்பினான். நாலைந்து பேர் பதிலுக்குக் கும்பிடு படம் போட்டார்கள். முதல் வீடியோ போன வேகத்தில் இது போகவில்லை. தெருவைத் தாண்டியதா என்பதே சந்தேகம்.

மறுநாள் அவள் புர்கா மாட்டிக்கொண்டு தனியாக வைட் டவுனுக்குப் போனாள். கெஸ்ட் ஹவுஸை நடத்துவது ஒரு வயதான தமிழம்மா. பிரெஞ்சுப் பழக்கத்தில் எல்லாரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். ரமீஜா நடந்ததையெல்லாம் சொன்னாள், நின்றுகொண்டே.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார் மதாம். "ஆனா சமையக்கட்டு விஷயம். வர்றவங்களும் அதையெல்லாம் பாக்குறாங்க. கொஞ்ச நாளைக்கு ரூம் க்ளீனிங்குக்கு வரச்சொல்லுங்க. அப்புறம் பாப்போம்."

"சமையல்காரிய ரூம் கூட்டச் சொல்றீங்களே மதாம்."

"உங்களாலதானேம்மா?"

கமலவேணி ரூம் கூட்டப் போனாள்.

இரண்டாவது ஊசி போட டாக்டர் வீட்டுக்கே வந்தாள். மற்ற ஆடுகளுக்குப் போட்டாயிற்று. கிடா ஒன்று மட்டும் பிடி கொடுக்கவில்லை. கமருஸ்ஸமானை முட்டிவிட்டு, ஆரிப்பை இழுத்துக்கொண்டு கொட்டாயைச் சுற்றியது. ரமீஜாவின் சத்தத்துக்கும் மசியவில்லை. அவளுக்குத் தெரியும், அது யார் குரலுக்கு வரும் என்று. பிறகு சுவரோரம் போனாள். ஜானகிராமன் சுவருக்குமேல் இரண்டு வரிசை செங்கல் புதிதாக ஏற்றியிருந்தார். எட்டிப் பார்க்க முடியாது. "கமலா," என்று கூப்பிட்டாள். "கமலா, ஒரு நிமிசம் வரியா? ஊசி போடணும். நிக்க மாட்டேங்குது."

சத்தமே இல்லை. வரமாட்டாள் என்று திரும்பியபோது வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கமலவேணி யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தாள். "ப்பா, ப்பா," என்றாள். ஆடு வந்து அவள் வயிற்றில் தலையை வைத்தது. கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது.

"இதுங்களுக்கு இனிமே எத போடலாம் டாக்டர்?" என்று கேட்டாள் கமலவேணி.

"தழை போடுங்க. ஆல், வேம்பு, அகத்தி, எது வேணா."

டாக்டர் போனபின் கமலவேணியும் கிளம்பினாள். ரமீஜா பின்னாலேயே வாசல்வரை வந்தாள். "கமலா, உன் கையப் புடிச்சு இழுத்ததுக்கு…"

"கையப் புடிச்சீங்க, அது கெடக்குதுக்கா. வளையல் ஒடைஞ்சா வாங்கிப் போட்டுக்கலாம்." கமலவேணி அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "நான் அந்த ரொட்டியத் தின்னேன் இல்ல, தெருவுல நின்னு? எல்லாரும் தல குனிஞ்சுட்டாங்க. நீங்க மட்டும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னீங்க. எப்ப விழுவான்னு பாத்தீங்களா?"

பொய் சொல்லலாம். சொன்னால் நம்பக்கூட நம்புவாள். ரமீஜா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.

கமலவேணி தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்த கணக்குத்தான் என்பதுபோல. படி இறங்கியவள் நின்றாள். "நாளைக்கு ஆலந்தழை ஒடிச்சாந்து தரேன். வாசப்பக்கமாவே வந்து உங்க கையில தரேன்."

சொன்னபடி வந்தாள். வேலைக்குக் கிளம்பிய சேலையோடு, ஒரு கட்டுத் தழையை நீட்டினாள். ரமீஜா வாங்கிக்கொண்டாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கை, அவளைக் கேட்காமலேயே, கட்டைப் பிரித்து ஒரு கொத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டது.

சட்டென்று நிறுத்தினாள். கமலவேணி பார்த்துவிட்டாள்.

"பாருங்கக்கா," என்றாள் கமலவேணி, கோபமில்லாத குரலில். "நல்லாவே பாத்துக்குங்க. எனக்கு பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு."